மின்னணு நூல் நிலையமும் பன்னாட்டுப் பாடத்திட்டமும்



சென்னையில் கணிதம் கற்பித்துவந்த சீர்காழி ரங்கநாதன் அவர்கள், 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே லண்டன் சென்று, யூனிவர்ஸிடி காலேஜில் நூலகக் கலை பயின்றார். அங்கே கற்றதை அப்படியே இங்கே இறக்கிவைப்பதோடு அவர் அமையவில்லை. நம் நாட்டின் தேவையோடு அதனை உரைத்துப் பார்த்தார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். மாணவராகக் கடல் கடந்தவரின் நூல்களைப் பிற நாட்டு மாணவர்கள் பாடமாகப் படிக்கலாயினர். 1962-இல் பெங்களூரில் அவர் தொடங்கிய ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் இன்றும் நூலகர்களைப் பயிற்றி வருகிறது. கல்வியில் நாடுகளின் கூட்டுறவு என்பது கொள்ளலும் கொடுத்தலும் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இன்று நூல் நிலையம் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. அதனை நடத்துவோருக்கு என்ன கற்பிப்பது என்னும் வினாவுக்குப் பல நாடுகள் கூடி விடை தேடியிருக்கின்றன. அமெரிக்காவில் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், சாப்பல் ஹில்லிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகமும் 2006-ஆம் ஆண்டு முதல் இணைந்து இதற்கான பாடப்பகுதிகளை வகுத்தன. ஐரோப்பாவில் ஆஸ்லோ, டாலின், பார்மா என்னும் மூன்று நகரங்களின் உயர்கல்வி நிலையங்கள் 2007-இல் பொதுவான முதுகலைப் படிப்பொன்றைத் தொடங்கின. மாணவர்கள் மூன்று நாடுகளிலும் மாறிமாறித் தங்கிப் பயின்றனர். நியூஸிலாந்தின் வைகாட்டோப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிரீன்ஸ்டோன்' என்னும் நூலக மென்பொருள், யுனெஸ்கோவின் துணையுடன் வளரும் நாடுகளுக்கு இலவசமாக வழங்கப்பெற்றது.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. எனினும், இப்பாடங்களில் தமிழுக்கு உரிய இடம் யாது? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் என் மனத்தில் எழும் கேள்வி இது.

ஓர் உதாரணம் கூறுகிறேன். நூலாசிரியரின் குடும்பப் பெயரை முதலில் எழுதுக என்பது மேனாட்டு வழக்கம். உ. வே. சாமிநாதையரை எவ்வாறு எழுதுவது? 'உ' என்பது உத்தமதானபுரம் என்னும் ஊர். 'வே' என்பது தந்தையார் வேங்கடசுப்பையர். குடும்பப் பெயர் என்று ஒன்று இங்கே இல்லை. ரோமன் எழுத்தில் பதிவு செய்யும்போதோ, நம் ழகரத்தை ஒருவர் இசட், எச் என்றும், மற்றொருவர் எல் என்றும் எழுதுகிறார். ஒரே நூல் இரண்டு பெயரில் நின்றுவிடுகிறது.

அகர வரிசையிலும் இடர் உண்டு. யூனிகோட் என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கிலோ றகரமும் னகரமும் இறுதியில் வருபவை. குறியீட்டு எண்ணை மட்டும் நம்பி நூற்பட்டியலை அடுக்கினால், நம் அகராதி முறை சிதைந்துவிடும். தமிழுக்குரிய வரிசை விதியைக் கணிப்பொறிக்குத் தனியே கற்பிக்க வேண்டும். அதற்கு முன் நூலகருக்குக் கற்பிக்க வேண்டும்.

இது வெறும் எழுத்துச் சிக்கல்தானே என்று எண்ணலாகாது. மும்பையில், எங்கள் ஆண்டாப் ஹில்லிலிருந்து சற்று நடந்து மாட்டுங்காவை அடைந்தால் வாழையிலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கும். பாட்டனார் படித்த பழைய தமிழ் நூல் அவ்வளவு எளிதில் கிடைக்குமா? தாயகத்துக்கு வெளியே வளரும் பிள்ளைக்கு மின்னணு நூல் நிலையமே பெரிய வாயில். அந்தப் பிள்ளை தமிழில் தட்டெழுதித் தேடும்போது 'இல்லை' என்ற விடை வருமாயின், உள்ளே இருக்கும் நூலும் இல்லாத நூலே ஆகிவிடும்.

ஆகவே, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நூலகவியல் பயிற்றுவோர் தமிழறிஞர்களுடனும் கணிப்பொறி வல்லுநர்களுடனும் அமர்ந்து, பெயர், எழுத்துப்பெயர்ப்பு, அகர வரிசை ஆகிய மூன்றுக்கும் பாடம் எழுதவேண்டும். அதனைப் பன்னாட்டு அவையில் வைக்கவேண்டும். பயன் நமக்கு மட்டுமன்று. ஐஸ்லாந்து மக்களும் பெரும்பாலும் குடும்பப் பெயரின்றித் தந்தை பெயரையே இணைத்து வழங்குகின்றனர். நாம் எழுதும் பாடம் அவர்களுக்கும் துணையாகக் கூடும்.

பிறர் வகுத்த பாடத்தை நன்றியுடன் ஏற்போம். நம் பங்குக்கு ஓர் அத்தியாயத்தையும் எழுதிச் சேர்ப்போம். சீர்காழியிலிருந்து சென்றவர் காட்டிய வழி அதுவே.