உரை எழுதியவனுக்கு மாலை எங்கே?

மென்பொருள் சுதந்திர நாள் என்றதும் சனிக்கிழமைத் தூக்கத்தை உதறிவிட்டு ஓடிவந்திருக்கும் என் தம்பிகளே, தங்கைகளே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரைச் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. அதிரட்டும்! 1991-இல் ஒரு கல்லூரி மாணவனாக அவன் தொடங்கிய வேலைதான் லினக்ஸ். அவனுக்குத் தட்டாமல் வேறு யாருக்குத் தட்டுவது? இப்போது நான் ஒரு பெயர் சொல்கிறேன். மைக்கேல் கெரிஸ்க்!

ஒரு கைத்தட்டல்கூட எழவில்லை. உங்களைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. டெர்மினலில் ‘மேன்’ என்று அடித்ததும் விளக்கம் வந்து விழுகிறதே, அந்த லினக்ஸ் மேன் பேஜ் திட்டத்தை 2004 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிக் காத்த மனிதர் அவர். இப்போது தட்டுங்கள். போதாது, இன்னும் பலமாக!

அந்த மேன் பேஜுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் பெல் ஆய்வகம். கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி இருவரும் யூனிக்ஸ் இயங்குதளத்தைச் செய்கிறார்கள். 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்டு முதல் கையேடு வருகிறது. கட்டளையின் பெயர், எப்படி அடிப்பது, என்ன செய்யும், எல்லாம் அதில் உண்டு. கூடவே இன்னொரு தலைப்பு: ‘பக்ஸ்’, அதாவது பிழைகள். என் நிரல் இந்த இடத்தில் சறுக்கும், இது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை என்று எழுதியவர்களே கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொள்கிறார்கள்! அவர்களோடு இருந்த டக் மெக்கில்ராய் கையேடு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர். விளக்கி எழுத உட்கார்ந்தால் எழுத வராது. ஏன் வரவில்லை என்று பார்த்தால் நிரலே கோணலாக இருக்கும். கையேட்டை வைத்துவிட்டு நிரலைத் திருத்தப் போவார்கள். கையேடு நிரலைத் திருத்தியது ஐயா! வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒட்டுகிற லேபிள் அல்ல அது.

ஆனால் இங்கே சிலர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ‘கோடே டாக்குமென்ட், படித்துப் புரிந்துகொள்’ என்கிறார்கள். சந்தேகம் கேட்ட முதலாண்டு மாணவியை ‘இதுகூடத் தெரியாதா’ என்று விரட்டுகிறார்கள். நான் கேட்கிறேன்: கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியை இடித்துப் போட்டால் அது என்ன கட்டற்ற மென்பொருள்? உரிமத்தில் சுதந்திரம் இருக்கிறது, ரீட்மீ விளக்கக் கோப்பில் இரண்டே வரி இருக்கிறது! அந்தப் பெண் பிள்ளை இரவெல்லாம் எரரோடு மல்லுக்கட்டி, கடைசியில் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கே திரும்பிப் போகிறாள். அவளை இழந்தது யார்? நாம்!

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு வாத்தியார் நினைவுக்கு வருகிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியர். உபுண்டுவில் தமிழ்99 விசைப்பலகையை எப்படி அமைப்பது என்று படிப்படியாக, ஸ்கிரீன்ஷாட் ஸ்கிரீன்ஷாட்டாக எழுதினார். எந்தப் படியில் எந்த எரர் வரும், வந்தால் என்ன செய்வது, அதையும் எழுதினார். புது வெர்ஷன் வந்து மெனு இடம் மாறினால் படத்தை மாற்றி மறுபடி எழுதுவார். அவர் ஒரு வரி நிரல் எழுதியதில்லை. ஆனால் அந்தப் பக்கங்களைப் பார்த்துத் தமிழ் தட்டச்சு செய்யக் கற்றவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கையைத் தூக்குங்கள். பாருங்கள் தலைவர் அவர்களே, பாருங்கள்!

கணக்கும் சொல்கிறேன். 2017-இல் கிட்ஹப் ஓர் ஆய்வு நடத்தியது. குறையான, பழசாகிப்போன ஆவணத்தைச் சந்தித்திருக்கிறோம் என்றவர்கள் நூற்றுக்கு 93 பேர். பங்களிப்பவர்களில் நூற்றுக்கு 60 பேர் ஆவணத்தின் பக்கம் அரிதாகவே வருகிறார்கள், அல்லது வருவதே இல்லை. தாகம் எல்லோருக்கும், கிணறு வெட்ட ஆளில்லை.

இது நமக்கா புதிது? தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர், குறளுக்குப் பரிமேலழகர், சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் என்று நூலாசிரியனுக்குப் பக்கத்திலேயே உரையாசிரியனை உட்கார வைத்த மொழி நம் மொழி! இளம்பூரணரை வெறுமனே ‘உரையாசிரியர்’ என்றே அழைத்தார்கள். அதுவே பட்டமாக நின்றது. 2012 முதல் கணியம் மின்னிதழ் எளிய தமிழில் லினக்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் சொல்லித் தருகிறதே, அது அந்த வழியில் வந்ததுதான்.

இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமா? வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவைப் பாருங்கள். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005-இல் வெளியே வந்தது. புது வசதி சேர்க்கிறாயா? ஆவணமும் சோதனையும் கூட வரட்டும் என்பது அங்கே விதி. நம் குழுக்களில் அந்த விதி எங்கே?

மணி அடிக்கிறார்கள், முடிக்கிறேன். விழாக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சிறந்த நிரலர் விருது இன்று தருகிறீர்கள், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு ஆவணம் எழுதியவருக்கும் ஒரு விருது வையுங்கள். அந்த வாத்தியாரை நானே கையைப் பிடித்து இழுத்து வருகிறேன், சத்தியம் போனால் போகட்டும்! தம்பி தங்கைகளே, சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து அறையில் இன்ஸ்டால் பட்டறை. எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்பதைத் தமிழில் எழுதி, அங்கிருக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏற வேண்டும்.