கண்ணுக்குள் எடுக்கும் படம்
(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"பையனுக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியவில்லை" என்று கல்பாத்தியிலோ நூரணியிலோ யாராவது சொன்னால், "கேரட் கொடுங்கோ, முருங்கைக்கீரை கொடுங்கோ" என்போம். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது சரி. ரெடினைடிஸ் பிக்மென்டோஸா என்ற பரம்பரை விழித்திரை நோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பிறகு பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போலாகிவிடும். நடுப்பார்வை வெகுகாலம் நிற்பதால், பேப்பர் படிக்கிறவன் வாசற்படியில் இடறுவான். கவனமில்லை என்று அவனைத்தான் திட்டுவோம்!

மாமா பெண், அத்தை பிள்ளை என்று உறவுக்குள்ளேயே சம்பந்தம் செய்தவர்கள் நாம். இருவரும் நோயில்லாமலே ஒரே பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், இதைக் கேட்பதில்லை. தங்கை கல்யாணம் தடைப்படும் என்று அண்ணன் கண்ணை மறைப்பதும் நடக்கிறது.

இனி படத்துக்கு வருகிறேன். 1991-ல் அறிமுகமான ஓ.சி.டி. என்ற கருவி, ஒளியை அனுப்பி அது திரும்புவதை வைத்து விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. ஊசியில்லை, வலியில்லை, சில நிமிஷ வேலை. ஒளியை உணரும் செல்கள் எதுவரை மிஞ்சியிருக்கின்றன என்று அதில் அளக்கலாம். அடுத்தது 'அடாப்டிவ் ஆப்டிக்ஸ்'. நட்சத்திரம் பார்க்கும் தொலைநோக்கிகளுக்காக வந்த வித்தை. கண்ணின் ஒளிக்கோணல்களை வளையும் கண்ணாடி ஒன்றால் சரிசெய்து, உயிருள்ள மனிதரின் கூம்பு செல்களைத் தனித்தனியே காட்டுகிறது. அமெரிக்காவில் ராசெஸ்டரில் 1997-ல் இதைச் சாதித்தார்கள். இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாசாரம்.

குணமாகாத நோய்க்குப் படம் எதற்கு என்பீர்கள். ஆர்.பி.இ.65 என்ற ஒரு மரபணுவின் பழுதுக்கு 2017-ல் அமெரிக்காவில் சிகிச்சை அனுமதிக்கப்பட்டது. அதற்கும் செல்கள் உயிரோடு மிஞ்சியிருக்க வேண்டும். எந்த மரபணு என்பதைப் படம் சொல்லாது. ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம். குமுளி, மூணாறு அன்பர்கள் மலையிறங்கினால் தேனி, மதுரை. சென்னையில் சங்கர நேத்ராலயா இருக்கிறது. போகும்போது உடன்பிறந்தவர்களையும் அழைத்துப் போங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் படம் எடுத்து, தேதி வாரியாகப் பிரதிகளை வைத்திருங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.