அம்மாவின் மாத்திரை டப்பா: தூக்கத்துக்குப் பதற்ற மாத்திரை போட்டால் என்ன ஆகும்?

வழக்கமா இந்த நிகழ்ச்சியில யாராவது ஒரு விருந்தினர் இருப்பாங்க. இன்னைக்கு நான் மட்டும்தான். ஏன்னா இது என் கதை. சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். போன மாசம் ஒரு நண்பன், "மச்சி, தூக்கம் வரலடா, எங்க அப்பாவோட மாத்திரை பாதி போட்டேன், சூப்பரா தூங்கினேன்"னு மெசேஜ் அனுப்பினான். அப்பவே முடிவு பண்ணிட்டேன், சொல்லிடலாம்னு.

எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ள பிஸ்கட் இருக்காது. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, தைலம், பழைய பில்லு எல்லாம் இருக்கும். அதுல ஒரு அட்டை அல்பிரஸோலம், 0.25 மில்லிகிராம். அப்பா தவறினப்போ அம்மாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், மூச்சு முட்டும். அதுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்தது.

எனக்கு அப்போ ஓ.எம்.ஆர் பக்கம் வேலை. கிளையண்ட் அமெரிக்காவுல. ராத்திரி ரெண்டு மணிக்கு கால் முடியும். மூணு மணிக்குப் படுத்தா மூளை மட்டும் ஆபீஸ்லயே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் அந்த டப்பாவைத் திறந்து பாதி மாத்திரை போட்டேன். இருபது நிமிஷம். யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி தூங்கிட்டேன். மறுநாள் எழுந்தப்போ தோணினது ஒண்ணே ஒண்ணுதான்: "இவ்வளவு சுலபமா!"

பிரச்சினை அங்கதான் ஆரம்பிச்சது.

அந்த மாத்திரை என்னதான் செய்யுது?

அல்பிரஸோலம், குளோனசெபம், டயசெபம் எல்லாம் ஒரே குடும்பம். பென்சோடயசெபைன்னு பேரு. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1960-ல் விற்பனைக்கு வந்தது. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. 1963-ல் டயசெபம் வந்தது. அதுக்கு முன்னாடி தூக்கத்துக்குக் கொடுத்த மருந்துகள்ல அளவு கொஞ்சம் கூடினாலே உயிருக்கு ஆபத்து. அதனால இது பாதுகாப்பானதுன்னு உலகமே கொண்டாடுச்சு. பழக்கமாகும் என்பது புரிய வருஷங்கள் ஆச்சு.

நம்ம மூளையில 'காபா'ன்னு ஒரு ரசாயனம் இருக்கு. அதுதான் மூளையோட பிரேக். நரம்பு செல்கள் ரொம்ப ஆட்டம் போட்டா அமைதிப்படுத்தும். இந்த மாத்திரை காபாவோட வேலையை அதிகப்படுத்துது. அதனால பதற்றம் குறையும், தசை தளரும், தூக்கம் வரும்.

ஆனா மூளை சும்மா இருக்காது. "வெளியிலிருந்து தினமும் பிரேக் வருதே, நமக்கு எதுக்கு இவ்வளவு?"ன்னு தன்னைத்தானே மாத்திக்கும். சில வாரங்களிலேயே அதே அளவு மாத்திரைக்கு அதே தூக்கம் வராது. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. பாதி, முழுசாச்சு. முழுசு, ரெண்டாச்சு. அஞ்சாவது மாசம் தினமும் 1 மில்லிகிராம். அம்மாவோட அட்டை பத்தாம, தெருமுனை மெடிக்கல் ஷாப்புல பழகின அண்ணன்கிட்ட வாங்க ஆரம்பிச்சேன்.

இன்னொரு விஷயம். மாத்திரை போட்டுத் தூங்குறதும், தானா தூங்குறதும் ஒண்ணு இல்ல. இந்த மருந்துகள் ஆழ்ந்த உறக்கத்தைக் குறைக்கும். மணிக்கணக்கு சரியா இருக்கும், ஆனா எழுந்தா பஞ்சடைச்ச மாதிரி இருக்கும். அல்பிரஸோலம் உடம்புல பாதியா குறையவே சராசரியா 11 மணி நேரம் ஆகும். நான் மூணு மணிக்குப் போட்டா, மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கும் பாதி உள்ளயே இருக்கும். அந்த நிலையிலதான் பைக்ல சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டிப் போய்ட்டிருந்தேன். குளோனசெபம் இன்னும் மெதுவா இறங்கும், ஒரு நாளுக்கு மேல.

இதோட சரக்கும் சேர்ந்தா? தயவுசெஞ்சு வேண்டாம். ரெண்டுமே அதே பிரேக்கைத்தான் அழுத்துது. சேர்ந்து அழுத்தினா மூச்சு விடுறதே குறைஞ்சு உயிர் போகலாம். 'வீக்கெண்ட்தானே'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

"சீட்டு இல்லாம தர முடியாது தம்பி"

ஒருநாள் மெடிக்கல் ஷாப் அண்ணன் கையை விரிச்சுட்டாரு. "செக்கிங் வர்றாங்க. சீட்டு இல்லாம தர முடியாது தம்பி." எனக்குக் கோபம். ஆனா அவர் முன்னாடி தந்ததுதான் தப்பு. இந்தியாவுல 2014-லிருந்து அல்பிரஸோலம் 'ஷெட்யூல் ஹெச் 1' பட்டியல்ல இருக்கு. டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது. வாங்கினவர் பேரு, எழுதின டாக்டர் பேரு, எத்தனை மாத்திரை, எல்லாத்தையும் தனி நோட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அட்டையில சிவப்புக் கட்டத்துக்குள்ள எச்சரிக்கையே இருக்கும். அஞ்சு மாசமா அந்த அட்டையைக் கையில வச்சிருந்தேன். ஒருநாள்கூட அதைப் படிக்கல.

சரி, நிறுத்திடலாம்னு அன்னைக்கே நிறுத்தினேன். வீரம்!

முதல் ராத்திரி தூக்கமே இல்ல. ரெண்டாவது நாள் கை நடுங்குது, வியர்க்குது, டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துது. மூணாவது நாள் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்குது. அப்போ நான் நினைச்சது என்ன தெரியுமா? "பாத்தியா, மாத்திரை இல்லாம என்னால தூங்கவே முடியாது. எனக்கு ஏதோ பெரிய வியாதி."

மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். அவங்க நிதானமா கேட்டுட்டு சொன்னாங்க: "இது உங்க பழைய தூக்கமின்மை இல்ல. மருந்தைத் திடீர்னு நிறுத்தினதால வர்ற எதிர்வினை. நல்லவேளை வந்துட்டீங்க, சிலருக்கு வலிப்பே வரும்."

இதை அழுத்திச் சொல்றேன். இதைக் கேட்டுட்டு யாரும் இன்னைக்கே மாத்திரையைக் குப்பையில போடாதீங்க. தினமும் எடுத்துட்டிருந்தா டாக்டர் மேற்பார்வையில, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2020-ல் இந்தக் குடும்ப மருந்துகள் எல்லாத்துக்கும் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடச் சொல்லுச்சு. எனக்கு முழுசா நிறுத்த மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும்.

அப்போ தூக்கத்துக்கு என்ன பண்றது?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல கொடுக்க வேண்டியது மாத்திரையே இல்லைன்னு 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி சொல்லிடுச்சு. முதல்ல வர்றது சிபிடி-ஐ என்கிற பேச்சும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை. எனக்கு அதுல வந்த விதிகள் இவ்வளவுதான்: எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துல எழணும். கட்டில் தூங்க மட்டும். லேப்டாப், ரீல்ஸ், சாப்பாடு எதுவும் அங்க கூடாது. படுத்து இருபது நிமிஷம்போல ஆகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து வெளியே வந்துடணும். தூக்கம் கண்ணைக் கட்டினப்புறம்தான் திரும்பப் போகணும்.

கேட்க ஈஸியா இருக்கும். முதல் ரெண்டு வாரம் அழுகையே வந்துடுச்சு. ராத்திரி மூணரை மணிக்கு மொட்டைமாடியில சேர் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஆனா அஞ்சாவது வாரம், கட்டில்ல படுத்ததும் பயம் வரல. அதுதான் எனக்குப் பெரிய விஷயம். மேனேஜர்கிட்ட பேசி ஷிஃப்ட்டையும் மாத்தினேன். எல்லாராலும் அது முடியாதுன்னு தெரியும். என் தூக்கத்தைக் கெடுத்ததுல பாதி அந்த வேலை நேரம்தான்.

இந்த மருந்தே கெட்டதுன்னு நான் சொல்லல. வலிப்பு வந்தா உயிரைக் காப்பாத்தும். பீதித் தாக்குதலுக்குக் கொஞ்ச நாள் டாக்டர் கொடுத்தா உதவும். 'யாருக்கு, எதுக்கு, எத்தனை நாளைக்கு'ன்னு கேட்க ஒருத்தர் இருக்கணும், அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு

முதல் நாள் அந்த டாக்டர் என்கிட்ட கேட்டாங்க, "இது யாரோட மாத்திரை?" "அம்மாவோடது." "அம்மா இன்னும் சாப்பிடுறாங்களா?"

எனக்குப் பதில் தெரியல.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய சீட்டைத் தேடினேன். '15 நாட்கள்'னு எழுதியிருந்தது. அம்மா மூணு வருஷமா போட்டுட்டிருக்காங்க. அவங்களுக்கு 67 வயசு. வயசானவங்களுக்கு இந்த மாத்திரையால தடுமாற்றம், மறதி, கீழே விழுந்து எலும்பு முறியறது எல்லாம் வரும். 65 வயசுக்கு மேல முடிந்தவரை தவிர்க்கச் சொல்றாங்க. முந்தின பொங்கலுக்கு அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. தரை ஈரம்னு நினைச்சோம். ஈரம்தானான்னு இப்போ சொல்லத் தெரியல.

"ஏம்மா நிறுத்தல?"ன்னு கேட்டேன். "ராத்திரி முழிப்பு வந்தா பக்கத்துக் கட்டில் காலியா இருக்குடா. அதைப் பார்த்துக்கிட்டு எப்படிப் படுத்திருக்கிறது?"ன்னாங்க.

அஞ்சு மாசம் அதே டப்பாவிலிருந்து திருடியிருக்கேன். அம்மா ஏன் இன்னும் அதைப் போடுறாங்கன்னு ஒருநாள்கூட கேட்கல.

இப்போ அம்மாவும் அதே டாக்டர்கிட்ட வர்றாங்க. ரொம்ப மெதுவா குறைக்கிறாங்க, இப்போ கால் மாத்திரையில இருக்காங்க. தூக்கம் வராத ராத்திரி ரெண்டு பேரும் ஹால்ல உட்கார்ந்து அப்பாவைப் பத்திப் பேசுறோம்.

உங்க வீட்டுலயும் ஒரு டப்பா இருக்கும். இன்னைக்குத் திறந்து பாருங்க. யாரோட மாத்திரை, எத்தனை நாளா போடுறாங்கன்னு கேளுங்க. உங்களுக்கே ராத்திரி ரொம்பக் கஷ்டமா இருந்தா 14416-க்குக் கூப்பிடுங்க. அது அரசோட டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்ல, எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயும் பேசுவாங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். நல்லா தூங்குங்க.