அடிக்காத விரல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோவில் வீதியிலே விடியும்வரை நின்று மேளச்சமா கேட்டவர்கள் இச்சபையிற் பலர் உளர். இணுவிலிற் பிறந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி (1933 - 1975) அவர்களின் வாசிப்பை நேரிற் கேட்ட முதியோரும் இருக்கக்கூடும். அத்தகைய மண்ணிலே நின்று, தோலும் கட்டையும் இல்லாத தாளவாத்தியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். முழுவதும் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கை அசைவினால் ஒலியை ஆளும் கருவி முற்றிலும் புதியதன்று. 1920 ஆம் ஆண்டளவில் ரஷ்ய விஞ்ஞானி லெவ் தெரெமின், தொடாமலே வாசிக்கும் வாத்தியம் ஒன்றை ஆக்கினார். ஒரு கை சுருதியை ஆளும். மறு கை ஒலியின் அளவை ஆளும். 2002 இல் அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலே அஜய் கபூரும் அவர்தம் குழுவினரும் இலத்திரன் தபேலா ஒன்றை வெளியிட்டனர். அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடுகள் விரலின் செயலைக் கணனிக்கு அறிவித்தன. கணனி ஒலியை எழுப்பிற்று.

இன்றோ கைத்தொலைபேசியின் கமராவே காற்றில் அசையும் கையைக் கண்டுகொள்கிறது. அப்படியாயின் தோல் எதற்கு என்று இளைஞர் கேட்பர். இரண்டு காரணம் சொல்வேன்.

முதலாவது காலம். சாதாரண கமரா செக்கனுக்கு 30 படம் எடுக்கும். செக்கனுக்கு 10 சொல் ஓடும் துரித காலத்திலே ஒரு சொல்லுக்கு 3 படமே கிடைக்கும். ஒரு படம் தாமதித்தாலும், ஒலி 11 மீற்றர் தூரத்திலிருந்து வந்து சேர்வதற்கு ஒப்பாகும். பாடகர் மேடையிலும் மிருதங்கக்காரர் மண்டப வாசலிலும் இருந்தாற் கச்சேரி எப்படி அமையும்?

இரண்டாவதே பெரிது. மிருதங்கத்தில் 'நம்' என்னும் சொல்லை வாசிக்கும்போது சுட்டுவிரல் ஓரத்திலே அடிக்கும். மோதிரவிரல் தோலின்மேல் மெல்லத் தங்கி நிற்கும். அவ்விரல் அடிக்கவில்லை, எனினும் அஃதின்றி அந்த நாதம் இல்லை. கரணை ஏற்றிய தோலின் முதல் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து இசைவான சுரங்களாய் ஒன்றுசேர்கின்றன என்று சேர் சி. வி. இராமன் 1934 இல் விளக்கினார். அவற்றுள் எது ஒலிக்கும், எது அடங்கும் என்பதை விரல் தொடும் இடமே தீர்மானிக்கின்றது. அடியை மாத்திரம் எண்ணும் கருவி வித்தையிற் பாதியையே அறியும்.

இக்கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மாடிவீடுகளில் வாழும் நம் பிள்ளைகள், அயலாருக்கு இடைஞ்சலின்றிச் சாதகம் செய்ய அது பெரிதும் உதவும். ஆனால் அரைகுறையாய் அமைந்த கருவியிலே பழகும் பிள்ளை அடிக்காத விரலை மறந்துவிடும். ஒரு தலைமுறை வாசிக்க மறந்தால் அடுத்த தலைமுறைக்குக் கேட்கவும் தெரியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைக்கல்வி மருதனார்மடத்திலே நடக்கின்றது. அதன் பொறியியற் பீடம் கிளிநொச்சியிலே இருக்கின்றது. கணனி கற்கும் இளைஞர்களே, கருவியை வரையுமுன் ஒரு வித்துவான் முன்னே சம்மணமிட்டு அமருங்கள். அவர் அடிக்கும் விரலைப் பாருங்கள். அடிக்காத விரலை அதனிலும் கூர்ந்து பாருங்கள். வித்துவான்களே, பெரியோர்களே, அவர்கள் வந்து கேட்கும்போது இது விளையாட்டுச் சாமான் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.