தொலைவைக் குறைக்கும் மருத்துவம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி மும்பை வந்த நாம், தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் வாழ்வு ஒன்றை அமைத்துக்கொண்டோம். ஆயினும் நோய் வந்துற்றால் நாம் படும் இடர் பெரிது. சிறப்பு மருத்துவரைக் காணச் செல்பவர் ஒரு நாட்கூலியை இழக்கிறார். துணைக்குச் செல்பவரும் இழக்கிறார். ஊரிலுள்ள நம் பெற்றோர்க்கோ அம்மருத்துவர் வெளியூரில் இருக்கிறார். ஆகவே தொலைவென்பது மைல் கணக்கு மட்டுமன்று, கூலிக் கணக்குமாகும்.

இத்தொலைவைக் குறைக்கும் வழியைத் தமிழகமே காட்டியுள்ளது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அது 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்தது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்து, விவரங்களைக் கணினி வழியே அனுப்புகிறார். நகரிலுள்ள மருத்துவர் அவற்றை ஆராய்ந்து, நோயாளியுடன் உரையாடி முடிவு கூறுகிறார். கண்ணாடி போதுமெனில் பயணம் வேண்டுவதில்லை; அறுவை வேண்டுவோரே பெரிய மருத்துவமனைக்குச் செல்கின்றனர்.

நடுவணரசின் 'இ-சஞ்சீவனி' திட்டமும் இவ்வகையதே. சுகாதார நிலையத்தார் சிறப்பு மருத்துவரைத் தொலைவிலிருந்தே கலந்தாலோசிக்கும் முறை 2019 நவம்பரில் தொடங்கியது. வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் முறை 2020 ஏப்ரலில் சேர்ந்தது. 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகள் நிறைவேறின.

எனினும் கருவி மட்டும் போதாது. முகவரிச் சீட்டுப் பிழைபட்டால் பார்சல் வேறூர் போய்ச் சேரும் என்பது ரயில்வே பணியிலுள்ள நாம் நன்கறிந்தது. நோயின் செய்தியும் அத்தகையதே. "கால் மரத்துப் போகிறது" என்று ஓர் அன்னையார் சொல்வதை, அருகிருக்கும் பேரன் "கால் வலிக்கிறது" என்று இந்தியில் பெயர்த்துவிட்டால், நீரிழிவால் நரம்பு கெட்டிருக்கக் கூடும் என்பது மருத்துவர் கருத்திற்கு எட்டாமலே போகலாம்.

ஆதலால் நம் சங்கம் ஒன்று செய்யலாகும். ஞாயிறுதோறும் இருமொழி வல்ல இளைஞர் இருவர் சங்க அறையில் அமர்ந்து, முதியோர் சொல்வதை அவர்தம் சொல்லிலேயே கேட்டு எழுதித் தரட்டும். நோய் எத்தனை நாளாக உள்ளது, உண்ணும் மருந்துகள் எவை, ஒவ்வாதவை எவை என்பன அதில் இருக்கட்டும். சோதனைத் தாள்களை நாள் வரிசையில் அடுக்கித் தரட்டும். கேட்டதை வெளியே பேசாதிருக்கட்டும். பிறர் நோய் நம் திண்ணைப் பேச்சாகலாகாது.

மற்றொன்றும் மறவற்க. மார்பு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை கண்டால் தொலைபேசி முன் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நேரில் பார்த்தே தீர வேண்டும் என மருத்துவர் கூறினால் அதனையும் தட்டலாகாது.

நம் முதியோர் சொல் மருத்துவர் செவிக்குப் பழுதின்றிச் சென்றடைய வேண்டும். அதற்குத் துணை நிற்பது சங்கத்தின் கடன். இவ்வாண்டே அதனைத் தொடங்குவோம்.