கட்டியை மறைத்தால் காலுக்கே கேடு



பால்மரம் சீவும் தொழிலாளிக்குக் கையும் காலுமே முதல். அதனால்தான் காலில் கட்டி ஒன்று தோன்றினால், 'மருத்துவமனைக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள்' என்று அஞ்சி, அதனைக் கைலிக்குள் மறைத்து வைப்போர் நம்மிடையே உளர். அந்த அச்சம் எந்த அளவுக்கு உண்மை என்பதை இன்று நாம் சிந்திப்போம்.

தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை மருத்துவர்கள் 'சார்கோமா' என்பர். இது அரிதான நோய். உடலில் காணும் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவையே. எனினும், இந்நோய் மிகுதியாகத் தோன்றும் இடம் தொடை. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. அவ்வலியின்மையே பலரை ஏமாற்றிவிடுகின்றது.

ஒரு காலத்தில் இந்நோய்க்குக் காலை நீக்குவதே வழக்கமாயிருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தினர் 43 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவை 1982ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 16 பேருக்கு உறுப்பு நீக்கப்பட்டது. 27 பேருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரப்பட்டது. இரு சாராரும் மருந்துச் சிகிச்சையும் பெற்றனர். அந்த 27 பேரில் நால்வருக்கு அதே இடத்தில் கட்டி மீண்டும் தோன்றியது. ஆயினும், உயிர் பிழைத்திருப்பதில் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

லாலாங் புல்லை வெட்டிய பின்னும் மண்ணுக்குள் வேர் எஞ்சி நிற்பதை நாம் அறிவோம். அதுபோலவே, கட்டியைச் சுற்றிக் கண்ணுக்குப் புலப்படாத நோயணுக்கள் இருக்கக்கூடும். கதிர்வீச்சு அவற்றைப் பெருகவிடாமல் அழிக்கின்றது. நல்ல அணுக்கள் தம்மைச் சீர்செய்துகொள்ள இடைவெளி வேண்டும் என்பதால், அது நாள்தோறும் சிறிது சிறிதாகத் தரப்படுகின்றது. அறுவைக்கு முன் தருவதாயின், வாரத்திற்கு ஐந்து நாளாக 25 முறை என்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் கதிர் படுவது சில நிமிடங்களே. அப்போது வலி தெரியாது. வெளியிலிருந்து செலுத்தப்படும் இக்கதிர் உடலில் தங்குவதில்லை; வீடு திரும்பியதும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

இன்னல்களும் உண்டு. தோல் சிவக்கும், களைப்பு வரும், அறுவைப் புண் ஆறத் தாமதமாகலாம், மூட்டு இறுகலாம். சொல்லித் தரும் பயிற்சிகளைத் தவறாது செய்தால் இறுக்கம் குறையும். நோய் முற்றி, முக்கிய நரம்பையும் இரத்தக் குழாயையும் சூழ்ந்துவிட்டால், இன்றும் சிலருக்குக் காலை நீக்க நேரிடுகின்றது. ஆகவே, காலைக் காப்பாற்ற எண்ணிக் கட்டியை மறைப்பவர், அக்காலுக்கே கேடு தேடிக்கொள்கின்றார்.

கட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய கோழிமுட்டை அளவு, இருந்தாலும், வளர்ந்துகொண்டே வந்தாலும், சதைக்குள் ஆழமாக இருந்தாலும், அகற்றிய பின் மீண்டும் தோன்றினாலும் உடனே அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். யாரையும் கீறவிட வேண்டாம். முறையின்றிக் கீறினால் நோயணுக்கள் அருகிலும் பரவி, காலைக் காப்பது கடினமாகிவிடும்.

புத்ராஜெயாவில் 2013ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசியப் புற்றுநோய்க் கழகத்திலும், ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. ஐந்து வாரம் வேலையை விட்டுச் செல்வது எளிதன்று என்பதை நாம் உணர்கின்றோம். பயணச் செலவு, தங்குமிடம் பற்றி மருத்துவமனையின் சமூக நல அலுவலரிடம் தயங்காது கேளுங்கள். விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழைப் பெற்று நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். இடையில் நிறுத்தாமல் சிகிச்சையை முழுமையாக முடியுங்கள்.

இன்றிரவு குளிக்கும்போது கைகால்களை ஒருமுறை தடவிப் பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால், அடுத்த சம்பள நாள் வரை காத்திராமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.