ஈரத் துணியும் இல்லக் கணக்கும்

(பெங்களூரில் குழந்தைகள் காப்பகப் பணியாளர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற அரசு அலுவலன் ஒருவன் மழலையின் தோலைப் பற்றிப் பேச வருவது உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். இப்பொருளில் எனக்குள்ள தகுதி ஒன்றே: நான் போட்ட ஒரு தவறான கணக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து மாதக் குழந்தையான என் பேத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். மழைக்காலமாதலால் துவைத்த துணி இரண்டு நாளாகியும் உலரவில்லை. டயப்பர் வாங்கினோம். அதன் விலையைப் பார்த்த நான், "இன்னும் ஈரம் தாங்கும், சற்று நேரம் இருக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி நாளொன்றுக்கு இரண்டை மிச்சப்படுத்தினேன். மூன்றாம் நாள் குழந்தையின் தொடையிடுக்கு வெந்து சிவந்துவிட்டது. இரவெல்லாம் அழுதாள். மருத்துவச் செலவு நான் சேமித்ததைப்போல் பல மடங்காயிற்று. என் மகள் இரண்டு நாள் ஊதியத்தையும் இழந்தாள். செலவைத் தள்ளிப்போடுவது சிக்கனமாகாது என்ற பாடத்தை ஏட்டில் படித்த நான், குழந்தையின் அழுகையில்தான் அதை உணர்ந்தேன்.

இப்புண் ஏன் தோன்றுகிறது? நெடுநேரம் ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி, துணி உராய்ந்தாலே எளிதில் சிதைகிறது. சிறுநீரும் மலமும் கலக்கும்போது நுண்ணுயிர்கள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. தோலுக்கு இயல்பாக உள்ள இலேசான அமிலத்தன்மை இதனால் குறைகிறது. மலத்திலுள்ள நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கின்றன. டயப்பரின் உள்ளிருக்கும் பொருள் சிறுநீரை உறிஞ்சிக் கூழாக்கிக்கொள்வதால் மேற்புறம் உலர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் மலத்தை அது உறிஞ்சுவதில்லை.

ஆகவே தடுப்பு முறை எளியது. மலம் கழித்த உடனேயே மாற்ற வேண்டும். சிறுநீர் மட்டுமாயின் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால், பெண் குழந்தையாயின் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். நாள்தோறும் சிறிது நேரம் அரையில் துணியின்றிக் காற்றுப்பட விடுதல் நன்று. தோல் சிவக்கத் தொடங்கினால் துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிப்பாகப் பூசலாம். பவுடர் வேண்டாம், அதன் தூள் குழந்தையின் மூச்சில் கலக்கும். இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டாலும், மடிப்புகளில் செக்கச்செவேலெனப் படர்ந்து சுற்றிலும் சிறு புள்ளிகள் தோன்றினாலும், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். அப்போது மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாமல் மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

துணியா, டயப்பரா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டுக்கும் விலை உண்டு. துணிக்கு நீர் வேண்டும்; பெங்களூருக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படுகிறது. 2024 கோடையில் இந்நகரம் பட்ட நீர்த் துன்பத்தை நாம் மறக்கவில்லை. டயப்பரோ குப்பையாகிறது, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் 2015 டிசம்பர் உத்தரவையொட்டி, அதை மற்றக் குப்பையுடன் கலவாமல் சிவப்புக் கூடையில் தனியே இடும் முறை இங்கு வந்தது. காகிதத்தில் பொதியாமல் எறிந்தால் அதை வெறுங்கையால் பிரிப்பவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. எதைத் தேர்ந்தாலும் தோலைக் காப்பது ஒன்றே: காலத்தில் மாற்றுதல். துணியின் மேல் பிளாஸ்டிக் ஜட்டி அணிவித்து மாற்றாமல் விட்டால் அங்கும் புண் வரும்.

காலத்தில் மாற்ற ஒரு கை வேண்டும். இந்நகரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தாயின் கை அதற்கு எட்டாது. இதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, காப்பகத்தில் குழந்தைகளின் துணியைத் துவைக்கவும் மாற்றவும் வசதி செய்யுமாறு விதிகள் வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் நாளில் நான்கு முறை அங்குச் சென்றுவரவும் உரிமை தந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமை இடம்பெற்றுள்ளது.

ஆனால் சட்டம் காப்பகத்தின் வாயில்வரைதான் வரும். உள்ளே ஓர் ஆயாவின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள், குழாயில் நீர் வருகிறதா, மாற்றுத் துணி இருக்கிறதா என்பவைதாம் குழந்தையின் தோலை முடிவு செய்கின்றன. செலவைக் குறைக்க ஓர் ஆயாவை நீக்கும் நிர்வாகம், நான் என் வீட்டில் போட்ட கணக்கையே போடுகிறது. அதன் விலையைக் குழந்தை வலியாகவும் தாய் இழந்த கூலியாகவும் செலுத்துகின்றனர்.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்று. பால் கொடுத்த நேரத்தைப் பதிவேட்டில் குறிப்பதுபோல், துணி மாற்றிய நேரத்தையும் குறியுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர்களே, கட்டடத்தைப் பார்க்கும் முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். மாலையில் குழந்தையைத் தூக்க வரும் தாய்க்கும் அதைக் காட்டுங்கள்.